சேதமடைந்த பல்லுக்கு ரூட் கெனால் தேவையா? மருத்துவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்

பல்லில் ஆழமான சொத்தை இருப்பதாகவோ, கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்திருப்பதாகவோ தெரியவந்ததும், "இதற்கு ரூட் கெனால் செய்ய வேண்டியிருக்குமா?" என்ற கவலை உடனே வந்துவிடுகிறது. வேர்க்குழாய் சிகிச்சை என்றும் சொல்லப்படும் இதற்குச் செலவும் அதிகம், நேரமும் பிடிக்கும் என்பதால் அந்தக் கவலை நியாயமானதே. பெரும்பாலோர் இதற்கான விடையை இரண்டு வழிகளில் தேடுகிறார்கள்: குழி எவ்வளவு பெரியது, வலி எவ்வளவு கடுமையானது. இவை இரண்டுமே நம்மை ஏமாற்றிவிடக்கூடும். சுரீரென்று கூசுகிற பல் ஒரு சாதாரண அடைப்போடு குணமாவதும் உண்டு. வலியே தெரியாத பல்லின் வேர்நுனியைத் தாண்டி நோய் தாடை எலும்புவரை சென்றிருப்பதும் உண்டு. மருத்துவர் முதலில் அறிய விரும்புவது, பல்லின் நடுவில் இருக்கும் உயிருள்ள திசு இனியும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதையே. அடுத்ததாக, அந்தப் பல்லைக் காப்பாற்றினால் அது நெடுநாள் நிலைத்து நிற்குமா என்று பார்க்கிறார். பரிசோதனை நாற்காலியில் நடக்கும் எல்லாமே இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவதற்காகத்தான்.

பல்லின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். வெளியே தெரியும் வெண்மையான கடினப் பகுதி எனாமல். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதன் அடியில் இருப்பது டென்டின். இதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் உள்நோக்கி ஓடுகின்றன. அந்தக் குழல்கள் சென்று சேருமிடத்தில், பல்லின் நடுவே, பற்கூழ் எனப்படும் மென்மையான திசு இருக்கிறது. இரத்தக் குழாய்கள், நரம்பிழைகள், புதிய டென்டினை உருவாக்கும் செல்கள் ஆகியவை இந்தப் பற்கூழில் அடங்கியுள்ளன. அது வேர்களுக்குள் மெல்லிய குழாய்களாக இறங்கி, வேர்நுனியிலுள்ள மிகச் சிறிய துளை வழியாகத் தாடையின் இரத்த ஓட்டத்தோடு இணைகிறது. முன்பற்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வேர்க்குழாய்தான் இருக்கும். கடைவாய்ப் பற்களில் மூன்று அல்லது நான்கு குழாய்கள் இருப்பது வழக்கம்.

இந்த அமைப்பில்தான் சிக்கலும் இருக்கிறது. விரலில் அடிபட்டால் அது வீங்குகிறது, வீங்குவதற்கு அதற்கு இடமிருக்கிறது, சில நாளில் வடிந்தும்விடுகிறது. பற்கூழைச் சுற்றியுள்ள சுவர்கள் அசைந்துகொடுக்காதவை. அழற்சி ஏற்பட்டால் உள்ளே அழுத்தம் கூடும். இரத்தம் வந்து போவதற்கு வேர்நுனியிலுள்ள அந்தச் சிறு வழியைத் தவிரப் பெரிதாக வேறு வழியும் இல்லை. ஆகவே, பாதிப்பு சிறிதாக இருக்கும்போது காரணத்தை அகற்றினால் பற்கூழ் தேறிக்கொள்கிறது. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அது சிறிது சிறிதாக மடிகிறது. மடிந்த திசு கிருமிகளுக்கு இருப்பிடமாகிறது. அங்கே இரத்த ஓட்டம் இல்லாததால் உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தக் கிருமிகளை எட்ட முடிவதில்லை. அவற்றின் நச்சுகள் வேர்நுனி வழியாகக் கசிந்து, சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கத் தொடங்குகின்றன. வேர்க்குழாய் சிகிச்சை என்பது இப்படித் தேறாத, அல்லது ஏற்கெனவே மடிந்துவிட்ட பற்கூழை அகற்றி, குழாய்களைக் கிருமிநீக்கம் செய்து, கிருமி மீண்டும் புகாதபடி நிரப்பி மூடுவதாகும். பற்கூழ் தேறும் நிலையில் இருக்கும்போது இந்தச் சிகிச்சைக்கு வேலையே இல்லை. அப்போது அதைச் செய்வது நல்ல திசுவை வீணாக்குவதாகவே முடியும்.

அப்படியானால் பல்லைத் திறக்காமலேயே உள்ளிருக்கும் திசுவின் நிலையை எப்படி அறிவது? இங்கேதான் நோயாளி சொல்லும் விவரம் மிகப் பெரிய உதவியாகிறது. வலி எவ்வளவு என்பதைவிட, அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, தானாக வருகிறதா என்பவை முக்கியம். ஐஸ் போட்ட தே பெங் குடிக்கும்போது பல் கூசி, வாயை எடுத்ததும் ஓரிரு நொடிகளில் அடங்கிவிட்டால், பற்கூழ் எரிச்சலடைந்திருக்கிறதே தவிர, இன்னும் தேறக்கூடியதாகவே இருக்கலாம். சொத்தையை அகற்றி அடைத்தாலோ, தேய்ந்து வெளித்தெரியும் டென்டினை மூடினாலோ இந்தக் கூச்சம் மறைவது வழக்கம். அதே குளிர்ச்சி பட்ட பிறகு, குடிப்பதை நிறுத்தியும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நின்று விண்விண்ணென்று தெறிக்குமானால், பற்கூழ் திரும்பி வர முடியாத நிலையை எட்டிவிட்டதாக மருத்துவர் ஐயுறுவார். எதுவும் சாப்பிடாமல் சும்மா இருக்கும்போதே வலி தொடங்குவதும், படுத்தவுடன் அது கூடுவதும், நடு இரவில் தூக்கத்தைக் கலைப்பதும் இதே திசையைக் காட்டும் அறிகுறிகள்.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காப்பிக் கடையில் சூடான தே தாரிக்கை ஒரு வாய் குடித்ததும் பல்லில் குடைச்சல் எடுத்து, குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால்தான் அது தணிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. குளிர்நீர்ப் போத்தலைக் கையோடு வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வருபவர்களும் உண்டு. பற்கூழ் மடிந்துகொண்டிருக்கும் கட்டத்தில் காணப்படும் அறிகுறி இது. இதைக் கேட்டதும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் வேர்க்குழாய் சிகிச்சையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வலி நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைபவர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. சில நாள்கள் உயிரை எடுத்த பல்வலி ஒரு காலையில் முற்றிலும் அடங்கிவிட்டால், பற்கூழ் தேறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். மூலகாரணத்துக்கு எந்தச் சிகிச்சையும் செய்யாத நிலையில் வலி மறைந்தால், பெரும்பாலும் நரம்பிழைகள் மடிந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும். குளிரும் சூடும் இனி உறைக்காது. வாரங்களோ மாதங்களோ ஓசையின்றிக் கழியும். பிறகு அந்தப் பல்லால் கடிக்கும்போது வலிக்கும், அல்லது பல் சற்று உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும், அல்லது ஈறில் சிறு கொப்புளம் ஒன்று தோன்றி, உடைந்து சீழ் வடிந்து, மீண்டும் தோன்றும். அந்தக் கொப்புளம் வலிக்காது என்பதாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. உள்ளே தேங்கும் சீழுக்கு வெளியேற வழி கிடைத்திருப்பதால்தான் அது வலிக்காமல் இருக்கிறது.

நோயாளியின் விவரத்தைக் கேட்ட பின் சோதனைகள் தொடங்கும். அவற்றில் முதன்மையானது குளிர்ச் சோதனை. மருத்துவர் ஒரு சிறு பஞ்சு உருண்டையை இடுக்கியில் பிடித்து, அதன்மேல் குளிரூட்டும் ஸ்பிரேயை அடிப்பார். பஞ்சில் வெண்ணிறப் பனி படியும். ஈரம் துடைத்த பல்லின்மேல் அதை வைத்து, "உணர்ந்ததும் கையைத் தூக்குங்கள், மறைந்ததும் இறக்குங்கள்" என்பார். சந்தேகத்துக்குரிய பல்லில் இதை முதலில் செய்யமாட்டார். பக்கத்துப் பல்லிலும், வாயின் மறுபுறத்திலுள்ள அதே பல்லிலும் முதலில் செய்து, உங்களுக்கு இயல்பான உணர்ச்சி எப்படி இருக்கிறது என்பதை அறிந்துகொள்வார். நல்ல பல்லில் குளிர் சட்டென்று தெரிந்து உடனே மறையும். கை தூக்கியபடியே நின்றால், அவர் மனத்துக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பார். கை எழும்பவே இல்லையென்றால் பற்கூழ் மடிந்திருக்க வாய்ப்புண்டு. மெல்லிய மின்னோட்டத்தைப் பல்லில் செலுத்திப் பார்க்கும் கருவியும் உண்டு. அது குளிர்ச் சோதனையின் முடிவை உறுதிப்படுத்த உதவும்.

இந்தச் சோதனைகள் நரம்பு பதிலளிக்கிறதா என்பதை மட்டுமே காட்டுகின்றன; இரத்தம் ஓடுகிறதா என்பதை நேரடியாகக் காட்டுவதில்லை. வயது முதிர்ந்தவர்களின் பற்களில் உட்குழாய் குறுகிச் சுண்ணம் படிந்திருப்பதால், பற்கூழ் உயிரோடு இருந்தும் குளிர் உறைக்காமல் போகலாம். உறை (கிரவுன்) போட்ட பல்லிலும் அப்படியே. பல வேர்கள் கொண்ட கடைவாய்ப் பல்லில் ஒரு குழாயிலுள்ள திசு மடிந்தும் மற்றொன்று உயிரோடும் இருந்து, முடிவு குழப்பமாகலாம். ஆகவே ஒரே சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கும் மருத்துவரைவிட, இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பவரையே நான் நம்புவேன்.

கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனை. பற்கூழில் மட்டும் அழற்சி இருக்கும்போது வலிக்கும் பல் எதுவென்று நோயாளியால் சரியாகச் சொல்ல முடியாது. மேல்தாடைப் பல்லின் வலியைக் கீழ்த்தாடையில் உணர்வதும், காதுவலி என்றே எண்ணுவதும் சாதாரணம். அழற்சி வேர்நுனியைச் சுற்றியுள்ள இழைகளுக்குப் பரவிய பிறகே, தட்டினால் "இதுதான்" என்று ஒரு பல்லைக் காட்ட முடிகிறது. வேர்நுனிக்கு நேரான ஈறை விரலால் அழுத்திப் பார்ப்பது, மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி ஆழம் பார்ப்பது ஆகியவையும் இதோடு சேரும். பல்லைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் அளவுகோல் குறுகலாக, ஆழமாக இறங்கினால், வேர் நெடுக்காக விரிசல் கண்டிருக்கலாம் என்று மருத்துவர் எச்சரிக்கையாவார்.

எக்ஸ்ரேயைப் பலரும் இறுதித் தீர்ப்பாக நினைக்கிறார்கள். சொத்தை பற்கூழுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, வேர்கள் எப்படி வளைந்துள்ளன, வேர்நுனியில் கருநிழல் இருக்கிறதா என்பவற்றை அது காட்டும். அந்தக் கருநிழல் எலும்பு கரைந்திருப்பதன் அடையாளம். ஆனால் எலும்பின் தாது ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடுவரை குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் நிழல் தெளிவாகத் தெரியும். இரவெல்லாம் தூங்கவிடாத பல்லின் எக்ஸ்ரே எந்தக் குறையுமின்றி இருப்பது இதனால்தான். பற்கூழின் அழற்சி எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை. மாறாக, வலியே இல்லாத ஒருவர் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது எடுத்த படத்தில் வேர்நுனியைச் சுற்றி வட்டமான கருநிழல் தெரிவதும், குளிர்ச் சோதனையில் அந்தப் பல் பதிலளிக்காமல் இருப்பதும் உண்டு. "எனக்கு வலிக்கவே இல்லையே, எதற்கு ரூட் கெனால்?" என்று அவர் கேட்பது இயல்பு. அந்த இரண்டு சான்றுகளும் ஒத்துப்போகுமானால், மருத்துவர் தேவையற்ற சிகிச்சையை விற்கப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை. படத்தைத் திரையில் காட்டி, மறுபுறப் பல்லின் வேர்நுனியோடு ஒப்பிட்டு விளக்கச் சொல்லிக் கேட்பதே பொருத்தம்.

வலி பல்லிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். சளி பிடித்து முகத்து எலும்பறைகள் (சைனஸ்) அடைத்திருக்கும்போது, மேல்தாடையின் பின்பற்கள் பல ஒருசேர வலிக்கும். குனிந்தால் அது கூடும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தாடைத் தசைகளின் வலி பல்வலிபோலவே தோன்றும். ஈறுநோயால் உண்டாகும் சீழ்க்கட்டியில் பற்கூழ் நலமாகவே இருக்கலாம். அதற்கு வேண்டியது ஈறுச் சிகிச்சை. நடக்கும்போதோ படியேறும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து, ஓய்வெடுத்ததும் நின்றால், அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதால் முதலில் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த வலி ஓய்வெடுத்தும் நிற்காமல் மூச்சுத்திணறலோ வியர்வையோ சேர்ந்தால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைத்தாக வேண்டும்.

விரிசல் விட்ட பற்கள் மருத்துவர்களுக்கே சவாலானவை. ஆட்டெலும்பையோ ஐஸ் கட்டியையோ கடிக்கும் பழக்கம், பல்லைக் கடித்து அரைக்கும் பழக்கம், பல ஆண்டுகளுக்கு முன் போட்ட பெரிய அடைப்பு ஆகியவை விரிசலுக்கு வழிவகுக்கின்றன. கடிக்கும்போது சுரீரென்று ஒரு வலி, குறிப்பாகக் கடியை விடும்போது அது கூடுதலாகத் தெரிவது, இதன் தனிக்குறி. எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. பல்லின் ஒவ்வொரு முனையையும் தனித்தனியே கடிக்கச் செய்தும், பலமான ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சியும் மருத்துவர் அதைத் தேடுவார். விரிசல் இருக்குமிடத்தில் ஒளி தடைபட்டு, அதற்கப்பால் பல் இருண்டு தெரியும். விரிசல் எனாமலோடு நின்றிருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு முனை மட்டும் உடைந்திருந்தால் அடைப்போ உறையோ போதும். விரிசல் உள்ளே இறங்கியிருந்து, பற்கூழ் தேறும் நிலையில் இருந்தால், பல்லை உறையால் இறுக்கிப் பிடித்துவிட்டுச் சில வாரங்கள் பார்ப்பார்கள். வலி அடங்காவிட்டால் வேர்க்குழாய் சிகிச்சைக்குச் செல்வார்கள். பல் இரண்டாகப் பிளந்திருந்தாலோ வேர் நெடுக்காக வெடித்திருந்தாலோ, வேர்க்குழாய் சிகிச்சையால் பயனில்லை. பெரும்பாலும் பல்லை எடுத்தாக வேண்டும்.

அடிபட்ட பற்களில் அவசரப்படக் கூடாது என்பதையும், ஒரே ஒரு நேர்வில் மிகவும் அவசரப்பட வேண்டும் என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. விளையாட்டுத் திடலில் விழுந்த பிள்ளையின் முன்பல் ஓரம் உடைந்து, பற்கூழ் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தாலும், பாதிக்கப்பட்ட மேற்பகுதியை மட்டும் அகற்றி மருந்துவைத்து மூடினால் எஞ்சிய பற்கூழ் உயிர்பிழைப்பது வழக்கம். வேர் முழுதும் வளராத வயதில் அதை உயிரோடு காப்பது மிக முக்கியம், ஏனெனில் வேரின் சுவர் தடிப்பதும் நுனி மூடிக்கொள்வதும் அந்தத் திசுவின் பணி. அடிபட்ட பல் சில மாதங்கள்வரை குளிர்ச் சோதனைக்குப் பதிலளிக்காமல் இருந்து, பின்னர் உணர்ச்சி திரும்பவும் கூடும் என்பதால், அந்த ஒரு சோதனையை வைத்துப் பல் செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நிரந்தரப் பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் நிலைமை வேறு. வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ ஓடும் நீரிலோ ஒருமுறை அலசி, உடனே குழியில் திரும்பப் பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அடைய வேண்டும். வேர் முழுதும் வளர்ந்த பல்லாக இருந்தால், பொருத்திய பின் இரண்டு வாரங்களுக்குள் வேர்க்குழாய் சிகிச்சை தொடங்கப்படும். பால்பல் விழுந்துவிட்டால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

ஆழமான சொத்தைக்கு வருவோம், ஏனெனில் பெரும்பாலோர் சந்திப்பது இதையே. சொத்தை முழுவதையும் கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்பதே முன்பு விதியாக இருந்தது. அப்படிச் சுரண்டும்போது பற்கூழ் திறந்துகொண்டு, வேர்க்குழாய் சிகிச்சை தவிர்க்க முடியாததாகிவிடும். இப்போதைய அணுகுமுறை வேறு. பற்கூழ் தேறும் நிலையில் இருப்பதாகச் சோதனைகள் காட்டினால், குழியின் ஓரங்களை நன்கு சுத்தம் செய்து, பற்கூழுக்கு மிக அருகிலுள்ள மென்மையான பகுதியைச் சிறிது விட்டுவைத்து, அதன்மேல் இறுக்கமாக மூடுகிறார்கள். உணவு கிடைக்காத கிருமிகள் செயலிழக்க, பற்கூழ் உள்ளிருந்து புதிய டென்டினைச் சுவர்போல எழுப்பிக்கொள்கிறது. இதற்கு அடிப்படையான உண்மையை 1965இல் ககேஹாஷி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது: பற்கூழைத் திறந்துவிட்டபோது, சாதாரண எலிகளில் அது அழுகியது, கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் அது குணமாகிப் புதிய டென்டின் பாலமாக வளர்ந்தது. பற்கூழைக் கொல்வது திறப்பு என்பதைவிட, திறப்பின் வழியே வரும் கிருமியே என்பது அதனால் விளங்கியது.

சிகிச்சையின்போது பற்கூழ் திறந்துகொண்டால், அதன் இரத்தக்கசிவு மருத்துவருக்கு ஒரு சான்றாகிறது. கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுமானால் திசு நலமாக இருக்கிறது என்று கொண்டு, எம்டிஏ, பயோடென்டின் போன்ற பல் சிமென்டுகளை வைத்து மூடுவார். நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் அழற்சி ஆழத்துக்குச் சென்றிருக்கிறது. இரத்தமே வராவிட்டால் திசு மடிந்துவிட்டது. "அடைக்கத்தான் வந்தேன், பாதியில் ரூட் கெனால் என்கிறார்களே" என்ற மனத்தாங்கல் எழுவது இந்த இடத்தில்தான். சொத்தை மிக ஆழமாக இருந்தால், தொடங்கும் முன்பே இந்த இரண்டு வாய்ப்புகளையும் இரண்டுக்கும் ஆகும் கட்டணத்தையும் மருத்துவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. பற்கூழ் மடிந்துவிட்டது என்று உறுதியானாலும், வேர்க்குழாய் சிகிச்சை எல்லாப் பற்களுக்கும் பொருந்தாது. குழாய்களை எவ்வளவு நேர்த்தியாக நிரப்பினாலும், அதன்மேல் உறையைத் தாங்கிப் பிடிக்க நல்ல பற்பகுதி எஞ்சியிருக்க வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரமுள்ள உறுதியான சுவர் இருந்தால் உறை நன்றாகப் பற்றிக்கொள்ளும். சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தாலோ, ஈறுநோயால் பல் ஆடிக்கொண்டிருந்தாலோ, எதிரில் கடிக்கும் பல்லே இல்லாத ஞானப்பல்லாக இருந்தாலோ, அதை எடுத்துவிடுவதே அறிவார்ந்த முடிவாக இருக்கலாம். பின்பற்களில் வேர்க்குழாய் சிகிச்சைக்குப் பின் உறை போடுவதைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. உட்குழிந்துபோன பல் கடியின் அழுத்தத்தில் பிளந்துவிட்டால் செய்த செலவெல்லாம் வீணாகும். ஆகவே விலை கேட்கும்போது, வேர்க்குழாய் சிகிச்சைக்கும் உறைக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பல்லை எடுத்துவிடுவது மலிவு என்பது அன்றைய ரசீதைப் பார்த்தால் உண்மைதான். அந்த இடத்தைக் காலியாக விட்டால் அக்கம்பக்கத்துப் பற்கள் சாயலாம். நிரப்ப நினைத்தால் இம்பிளான்ட், பாலம், கழற்றி மாட்டும் பல்வரிசை என ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. எலும்புத் தேய்வுக்காகக் குறிப்பிட்ட மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கும், தலை, கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. அவர்களுக்குச் சிதைந்த பல்லிலும்கூட வேர்க்குழாய் சிகிச்சையே பாதுகாப்பானதாக இருக்கலாம். வீட்டிலுள்ள பெரியவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்போது அவர்கள் சாப்பிடும் மருந்துப் பட்டியலையும் கொண்டுசெல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நீரிழிவு நோயாளிகள் தங்கள் சர்க்கரை அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மடிந்த பற்கூழுக்குள் இரத்தம் ஓடாதபோது, இரத்தத்தின் வழியே செல்லும் மருந்து அங்கே சென்று சேராது. வீக்கம் பரவும்போதும் காய்ச்சல் இருக்கும்போதும் அது துணை மருந்து; மூலகாரணத்தை அது நீக்காது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைப்பது ஈறைப் புண்ணாக்கும். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலோ, பல் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் எங்கே செல்வது என்பதும் முடிவைப் பாதிக்கிறது. பல் மருத்துவச் சேவை உள்ள பலதுறை மருந்தகங்களில் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்; சிக்கலான நேர்வுகள் தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. அங்கே மானியத்தோடு பார்க்கச் சில காலம் காத்திருக்க நேரிடலாம் என்பதால், வலி தாங்கும் அளவில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. அரசாங்க மருத்துவ மானியத் திட்டமான சாஸில் (CHAS) சேர்ந்துள்ள தனியார் பல் கிளினிக்குகளில் நீல, ஆரஞ்சு அட்டை வைத்திருப்போருக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை மூத்த குடிமக்களுக்கும் வேர்க்குழாய் சிகிச்சைக்கு மானியம் உண்டு. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் நெடுங்காலமாக அறுவை சார்ந்த பல் சிகிச்சைகளுக்கே அனுமதிக்கப்பட்டு வந்திருக்கிறது. விதிகள் மாறிவருவதால் அன்றைய நிலையைக் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பற்களையும் எளிய கடைவாய்ப் பற்களையும் பொதுப் பல் மருத்துவர்களே செய்கிறார்கள். வேர் மிகவும் வளைந்திருந்தாலோ, முன்பு செய்த வேர்க்குழாய் சிகிச்சை தோற்று மீண்டும் செய்ய வேண்டியிருந்தாலோ, வேர்க்குழாய் நிபுணரிடம் செல்வது சரி. ஒருவர் நிபுணராகப் பதிவுபெற்றவரா என்பதைச் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பார்க்கலாம்.

விலையைக் கருதி ஜோகூர் பாருவுக்கோ, விடுமுறையில் தமிழ்நாட்டுக்கோ சென்று சிகிச்சை செய்துகொள்பவர்கள் நம்மில் பலர். அங்கும் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சிகிச்சைக்குச் சில வேளை இரண்டு மூன்று வருகைகள் தேவைப்படும், பிறகு உறையும் போட வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் கொண்டு பயணத்தைத் திட்டமிட வேண்டும். தற்காலிக அடைப்போடு திரும்பி வந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால், அடைப்பின் ஓரம் கசிந்து, சுத்தம் செய்த குழாய்களுக்குள் கிருமிகள் மீண்டும் புகுந்துவிடும். எக்ஸ்ரேக்களின் பிரதியையும் சிகிச்சைக் குறிப்பையும் வாங்கிக்கொண்டு வந்தால் இங்குள்ள மருத்துவர் தொடர்வதற்கு வசதியாக இருக்கும்.

சோதனைகள் எல்லாம் முடிந்தும் விடை தெளிவாகாத பற்கள் உண்டு. குளிர் உணர்ச்சி இருக்கிறது, சற்றே நீடிக்கிறது, தட்டினால் வலிக்கவில்லை, எக்ஸ்ரேயிலும் எதுவும் இல்லை. இத்தகைய பல்லில் சொத்தையை எடுத்து, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மூடிவிட்டுக் காத்திருப்பதே முறையான சிகிச்சை. மருத்துவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று இதைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. வேர்க்குழாய் சிகிச்சையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், எடுத்துவிட்ட பற்கூழைத் திரும்ப வைக்க முடியாது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் வலி எப்போது வந்தது, சூட்டுக்கா குளிருக்கா கடிக்கும்போதா, எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கைப்பேசியில் குறித்துவைத்தால் அடுத்த சந்திப்பில் மருத்துவருக்கு அது சோதனைக் கருவிகளுக்கு இணையாக உதவும். சில வாரங்களில் கூச்சம் படிப்படியாகக் குறைந்தால் பற்கூழ் தேறிவருகிறது. அப்போதும் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ மீண்டும் குளிர்ச் சோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் இரவில் வலி எழுப்பினாலோ, சூடு பட்டு வலித்தாலோ, ஈறில் கொப்புளம் தோன்றினாலோ, அல்லது பல்லில் எந்த உணர்ச்சியுமே இல்லாமல் போனாலோ, குறித்த தேதிவரை பொறுக்காமல் கிளினிக்கை அழைத்து முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும்.